அணை நீர்மட்டமும் மாத்திரை அளவும்

பாளையங்கோட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பைக் கையில் எடுத்ததும் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் முதலில் தேடுவது பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத்தான். நேற்று எத்தனை அடி, இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்ற நான்கு எண்களைப் பார்த்துவிட்டு, பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா அல்லது இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிறகு 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றேன். அந்த நான்கு எண்களுக்குள் இருக்கும் கணக்கை, உயிரியலும் மருத்துவமும் படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தராமலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்ற ஆதங்கத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

வரத்து மிகுந்து திறப்பு குறைந்தால் நீர்மட்டம் ஏறும். திறப்பு மிகுந்தால் இறங்கும். இரண்டும் சமமானால் மட்டம் அப்படியே நிற்கும். இதைக் குறியீடுகளில் எழுதினால் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் உள்ள வகைக்கெழுச் சமன்பாடு. நாள் நாளாக, மணி மணியாகக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் அதுவே கணினி மாதிரி. அணை இருந்த இடத்தில் மனித உடலையும், தண்ணீர் இருந்த இடத்தில் மருந்தையோ சர்க்கரையையோ கிருமியையோ வைத்துப் பார்ப்பதுதான் உயிரியலிலும் மருத்துவத்திலும் கணித மாதிரி என்று சொல்லப்படுவதன் அடிப்படை. அணையில் மதகை எவ்வளவு திறப்பது என்று பொறியாளர் முடிவு செய்கிறார். பெரும்பாலான மருந்துகளின் விஷயத்தில், உடலில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ற பங்கைச் சிறுநீரகமும் கல்லீரலும் தாமாகவே வெளியேற்றுகின்றன. வேறுபாடு அவ்வளவே.

வகுப்பில் நான் இதை ஒரு சின்னக் கணக்காகத்தான் தொடங்குவேன். 100 மில்லிகிராம் மாத்திரை. அடுத்த வேளை வருவதற்குள் உடலில் இருப்பதில் பாதி போய்விடும். முதல் மாத்திரை போட்டதும் 100. அடுத்த வேளையில் மீதி 50, புதிதாக 100, ஆக 150. அதற்கடுத்து 175, பிறகு 187.5, பிறகு 193.75. எத்தனை நாள் போட்டாலும் 200-ஐ நெருங்குமே தவிரத் தாண்டாது. கரும்பலகையில் இந்த வரிசையை எழுதி முடித்த ஒரு நாளில், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அப்போ மொத நாளே ரெண்டு மாத்திரையாப் போட்டா நேரா 200-க்கே போயிரலாம்லா?” என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. லோடிங் டோஸ் என்பார்கள். டாக்சிசைக்ளின் மருந்தை முதல் நாள் 200 மில்லிகிராமும் மறுநாள் முதல் 100 மில்லிகிராமும் கொடுக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான். மருந்தியல் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராத பதினேழு வயதுப் பெண், கூட்டலும் பாதியாக்கலும் மட்டுமே தெரிந்துகொண்டு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு வலிப்பு வந்து, ஃபெனிட்டாயின் என்ற மாத்திரையை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் எடுத்து வந்தார். இடையில் ஒருமுறை வலிப்பு மீண்டும் வரவே, ஒரு மருத்துவமனையில் அளவை 400 ஆக்கினார்கள். மூன்று மாத்திரை நான்கானது. யாருக்கும் அது பெரிய மாற்றமாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனார். காபி டம்ளரை எடுக்க நீட்டிய கை, டம்ளருக்குப் பக்கத்தில் வெறுமையான இடத்தில் போய் நின்றது. “தரை ஆடுதுட்டி, ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றார். மீண்டும் அழைத்துச் சென்றபோது ரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதித்து, அது மிகவும் ஏறிவிட்டது என்று கண்டு, மாத்திரையைக் குறைத்துச் சரி செய்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர், “கொஞ்சந்தானேம்மா கூட்டியிருக்கு” என்று உண்மையிலேயே திகைப்போடு சொன்னார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருக்கு அந்தக் கணக்கை யாரும் கையால் போட்டுக் காட்டவில்லை என்பதே என் வருத்தம்.

அந்தக் கணக்கு இதுதான். ஃபெனிட்டாயினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு உண்டு. ஒருவருக்கு அந்த வரம்பு 450 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்வோம். நொதிகள் வேலை செய்யும் விதத்தை மைக்கேலிஸ், மென்டன் என்ற இருவர் 1913-ஆம் ஆண்டிலேயே ஒரு சமன்பாடாக எழுதிவிட்டார்கள். அதன்படி, தினசரி அளவை, வரம்பில் மீதமிருக்கும் திறனால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் ரத்தத்தில் நிலைக்கும் அளவு கிடைக்கும். மாறிலியை 4 என்று வைத்துக்கொண்டால், 300 மில்லிகிராமுக்கு மீதத் திறன் 150. 300-ஐ 150-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்க, லிட்டருக்கு 8 மில்லிகிராம். 350 ஆக்கினால் மீதத் திறன் 100, விடை 14. 400 ஆக்கினால் மீதத் திறன் வெறும் 50, விடை 32. இம்மருந்து 10-க்கும் 20-க்கும் இடையில் இருப்பதே விரும்பத்தக்கது. மாத்திரையை மூன்றில் ஒரு பங்கு கூட்டினோம், ரத்தத்தில் மருந்து நான்கு மடங்காகிவிட்டது. மதகு முழுவதையும் திறந்துவிட்ட அணைக்கு வரத்து சிறிது கூடினாலும் மட்டம் ஏறிக்கொண்டே போகும் என்பது மருதூர் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிக்குத் தெரியும். அதே உண்மை மாத்திரைச் சீட்டில் எழுதப்படும்போது, படித்த நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இதில் எட்டாம் வகுப்பு வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். (இதைப் படிப்பவர்கள் தங்கள் மாத்திரையின் அளவைத் தாங்களே மாற்றிவிடக் கூடாது. எண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும்; மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.)

மட்டம் அசையாமல் நிற்பதும் ஏமாற்றும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ஆம் ஆண்டில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்தக் காலத்தில், தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் ரத்தத்தில் வைரஸின் அளவு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதைப் பார்த்து, கிருமி உறங்கிக் கிடக்கிறது என்றே பலரும் எண்ணினார்கள். 1995, 1996 ஆண்டுகளில் டேவிட் ஹோ என்ற மருத்துவரும் ஆலன் பெரல்சன் என்ற கணித அறிஞரும், அவர்களைச் சேர்ந்தவர்களும், புதிய மருந்தைக் கொடுத்து வைரஸ் உற்பத்தியைத் தடுத்துவிட்டு அளவு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்தார்கள். வரத்தை அடைத்துவிட்டு மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்த்தால் திறப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்படித் தெரிந்தது என்னவென்றால், நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ்கள் பிறந்து, ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் அழிந்துகொண்டிருந்தன என்பது. அவ்வளவு வேகத்தில் பெருகும் கிருமி, ஒற்றை மருந்துக்குத் தப்பும் வகையில் விரைவில் மாறிவிடும். ஆகவே ஒரே நேரத்தில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு இக்கணக்கு வலுச் சேர்த்தது. இன்று கூட்டு மருந்தால் உயிரோடிருக்கும் இலட்சக்கணக்கானவர்களின் சிகிச்சைக்குப் பின்னால் ஒரு சமன்பாடும் நிற்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் இருக்கலாம். கொள்ளைநோய்க் கணக்கு பிறந்ததில் இந்த மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாதில் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தோடு நிற்காமல் கணக்குப் போடத் தொடங்கினார். ஓர் ஊரில் கடைசிக் கொசு வரை ஒழித்தாக வேண்டியதில்லை, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே கொண்டுவந்தாலே மலேரியா தானாக அற்றுப்போகும் என்று அவர் கணித வழியில் காட்டியதைப் பலர் அன்று நம்பவில்லை. இந்திய மருத்துவப் பணியில் இருந்து கசௌலியில் ஆய்வு நடத்திய மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவரோடு சேர்ந்து 1927-இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய கொள்ளைநோய் மாதிரிகளுக்கெல்லாம் தாய். அவர்கள் தங்கள் சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டது 1905-06-இல் பம்பாயில் பிளேக்கில் மாண்டவர்களின் வாராந்தர எண்ணிக்கை. நம் மக்களின் சாவிலிருந்து எழுந்த கணக்கை நம் மாணவர்கள் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டாமா?

2012-இல், அப்போது பிரிக்கப்படாதிருந்த திருநெல்வேலி மாவட்டத்தை டெங்கு எப்படி உலுக்கியது என்பதைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கண்டது. அந்த நாட்களில் என் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போட்டோம். டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் உடலில் முற்றுவதற்குச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அதுவரை அந்தக் கொசு உயிரோடிருக்க வேண்டும். ஒரு நாளில் 100 கொசுக்களில் 90 பிழைக்கின்றன என்றால், பத்து நாள் தாண்டிப் பிழைப்பவை எத்தனை? 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். சுமார் 35 வருகிறது. புகை மருந்தாலும் மற்ற முயற்சிகளாலும் அந்த 90-ஐ 80 ஆகக் குறைத்தால்? 0.8-ஐப் பத்து முறை பெருக்க, சுமார் 11. நாளொன்றுக்குப் பத்துக் கொசுவைக் கூடுதலாகக் கொன்றதில், நோய் பரப்பும் வயதை எட்டும் கொசுக்கள் மூன்றில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்துவிட்டன. மலேரியாக் கொசுவுக்கு இதே வாதத்தை ஜார்ஜ் மெக்டொனால்டு என்ற அறிஞர் 1950-களில் வைத்தார். அன்று மாலை வீட்டுக்குப் போன பிள்ளைகள், கொல்லையில் கிடந்த சிரட்டை, பழைய டயர், ஆட்டுரல் குழி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று ஒன்று விடாமல் பார்த்து, எதில் புழு இருந்தது என்று மறுநாள் பட்டியல் கொண்டுவந்தார்கள். நான் சொல்லி அவர்கள் செய்யவில்லை.

கணினி மாதிரி என்பது கணினி வந்த பிறகு வந்த வேலை என்ற எண்ணமும் தவறு. உவரியிலும் இடிந்தகரையிலும் வலையில் ஏறும் கணவாயை நாம் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம். அதே இனத்தின் தடித்த நரம்பிழையில் மின்கம்பி நுழைத்து அளந்துதான், நரம்பில் செய்தி ஓடுவது எப்படி என்ற சமன்பாடுகளை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதினார்கள். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழகக் கணினி அப்போது பயன்படுத்த முடியாத நிலையில் இருந்ததால், கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி நாள் கணக்கில் உட்கார்ந்து அதைக் கணக்கிட்டார். அச்சமன்பாட்டில் வரும் சோடியம் வழியை, அதாவது நரம்பிழைக்குள் சோடியம் நுழையும் வாயிலை, கட்டுப்படுத்துவதுதான் என் தாயார் எடுத்த ஃபெனிட்டாயின் மாத்திரையின் வேலை என்பதை நான் வெகுநாள் கழித்தே அறிந்தேன்.

நம் சென்னையிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில், ஜி.என். ராமச்சந்திரன் தம் மாணவர்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டே அவர்கள் அதைக் கண்டார்கள். உலகில் எங்கே ஒரு புதிய புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரியா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. உயிர் மூலக்கூறுகளைக் கணினியில் மாதிரி செய்யும் முறைகளுக்காக 2013-இலும், புரத வடிவத்தைக் கணினியால் முன்னறிந்ததற்கும் புதிய புரதங்களை வடிவமைத்ததற்குமாக 2024-இலும் வேதியியலுக்கான நோபல் பரிசுகள் வழங்கப்பட்டன. அந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தவர். விலங்கியல் பட்டம் பெற்றுவிட்டு என்னைப் பார்க்க வரும் பழைய மாணவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைத் தாமே வரைந்து பார்த்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பலோ ஆசிரியர்களின் அலட்சியமோ அல்ல. பதினொன்றாம் வகுப்பில் நாம் எழுப்பும் சுவர்தான் காரணம். தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பை எடுக்கும் மாணவர் பத்தாம் வகுப்போடு கணிதத்துக்கு விடை கொடுத்துவிடுகிறார். நீட் தேர்வுக்குக் கணிதம் தேவையில்லை. ஆகவே, பத்தாம் வகுப்புக் கணக்கே தாம் படித்த கடைசிக் கணக்கு என்ற நிலையில் ஒருவர் டாக்டராகிவிட முடியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பை எடுக்கும் மாணவருக்கோ உயிரியல் அத்தோடு முடிந்தது. பிறகு அவர் மென்பொருள் துறையில் எவ்வளவு உயர்ந்தாலும் செல் என்றால் கைப்பேசிதான். இரண்டையும் சேர்த்து பயோ-மேத்ஸ் படிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் கணிதம் காலை இரண்டாம் பீரியடிலும் உயிரியல் மதியம் ஆறாம் பீரியடிலும் நடக்கிறதே தவிர, இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் மக்கள்தொகைப் பெருக்கம் இருக்கிறது, தொட்டியில் உப்புநீர் கலக்கும் கணக்கு இருக்கிறது. அந்தத் தொட்டிதான் உடல், அந்த உப்புதான் மருந்து என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த வரி இல்லை. அதே புத்தகத்தைப் பல ஆண்டுகள் நடத்திய நானும், என் தாயாருக்கு அப்படி நேரும் வரை அந்த வரியைச் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே நான் கேட்பது புதிய கட்டடமோ கோடிக்கணக்கில் செலவோ அல்ல. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பெயர் வாங்கித் தந்த கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் துறைகள் நன்றாகவே நடக்கின்றன. கணிதத் துறைகளும் நடக்கின்றன. ஒரு பருவத்தில், வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு துறை மாணவர்களையும் கலந்து உட்கார வைத்து ஒரு செய்முறைத் தாள் நடத்தினால் போதும். உயிரியல் மாணவர் கேள்வியைக் கொண்டுவரட்டும். கணித மாணவர் சமன்பாட்டைக் கொண்டுவரட்டும். எக்செல் தாளில் இருவரும் சேர்ந்து ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கு மேல் போக விரும்புவோருக்கு காப்பாசி, நெட்லோகோ, பைத்தான், ஆர் என்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. உலகெங்கும் வெளியான உயிரியல் மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பயோமாடல்ஸ் களஞ்சியமும் இலவசம். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இருக்கின்றன, ஆனால் அவர்கள் பேசுவது ஆங்கிலத்தில் என்பதால், தமிழ்வழியில் படித்துவந்த கிராமத்துப் பிள்ளை முதல் பத்து நிமிடத்திலேயே கணினியை மூடிவிடுகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இதற்கான தொடக்கப் பாடத்தை நல்ல தமிழில் எழுதி வெளியிட்டால் தென்மாவட்டங்கள் முழுமைக்கும் பயன்படும். நான் முதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கு எத்தனையோ திறன்களைக் கற்பிக்கிறார்கள். அதில் இதற்கும் ஓர் இடம் கேட்பது பேராசை ஆகாது.

பள்ளிகளுக்கு இன்னும் எளிது. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன; பல நேரங்களில் அங்கே தேர்வுகள் நடப்பதோடு சரி. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கூட்டம் அலைமோதும் இடம். இரண்டு தொட்டி, இரண்டு குழாய், ஓர் அளவுகோல், பக்கத்தில் ஒரு கணினித் திரை. குழாயைத் திருகினால் தொட்டியில் மட்டமும் திரையில் ரத்தத்தின் மருந்து அளவும் ஒன்றாக ஏறி இறங்கும்படி அங்கே ஒரு காட்சி அமைத்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு மருந்தியலிலும் சமூக மருத்துவத்திலும் இந்தக் கருத்துகள் பாடமாகவே இருக்கின்றன. தேர்வுக்காக வாய்பாடாக மனப்பாடம் செய்யப்படுவதுதான் குறை. ஃபெனிட்டாயின் கணக்கை ஒவ்வொருவரும் ஒருமுறை தம் கையால் போட்டிருந்தால், “கொஞ்சந்தானே கூட்டினோம்” என்ற சொல் வந்திருக்காது.

கற்பிக்கும்போது இதன் எல்லைகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2020 மார்ச் 16-ஆம் நாள் லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட கொரோனா அறிக்கை, எதுவுமே செய்யாமல் விட்டால் பிரிட்டனில் சுமார் 5,10,000 பேர் இறக்கக்கூடும் என்றது. அவ்வளவு பேர் இறக்கவில்லை என்பதைக் காட்டி, கணக்கே பொய் என்று பேசியவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். “எதுவுமே செய்யாமல் விட்டால்” என்ற சொற்களை அவர்கள் படிக்கவில்லை. மாதிரி என்பது ஜோதிடம் அல்ல. இப்படி இருந்தால் இப்படி ஆகும் என்று சொல்வது. அந்த ‘இருந்தால்’ எவை என்று கேட்கத் தெரிந்தவரே அதைப் படிக்கத் தெரிந்தவர். மறுபுறத்தில், ஒரு மூலிகையில் உள்ள பொருள் கிருமியின் புரதத்தோடு கணினித் திரையில் பொருந்திவிட்டது என்பதற்காகவே, அம்மூலிகை நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணமாகிவிட்டதாகச் செய்தி போடுவதும் நடக்கிறது. திரையில் பொருந்துவது, ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதற்கான ஒரு குறிப்பு மட்டுமே. அரசு சித்த மருத்துவக் கல்லூரி அமைந்த இந்த நகரில் இதை எழுதத் தயங்கினேன். ஆனால் சித்த மருத்துவத்தின் மேல் உண்மையான மதிப்பு உள்ளவர்களே, அரைகுறைக் கணினிச் சான்றை வைத்து அதற்குப் பெருமை தேடுவதை முதலில் எதிர்க்க வேண்டும் என்று கருதுகிறேன். நல்ல மாதிரி செய்யத் தெரிந்த மாணவருக்குத்தான் போலி மாதிரியை அடையாளம் காணவும் தெரியும்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். அணை நீர்மட்டம் அச்சாகும் அந்தச் சிறிய பெட்டிக்குப் பக்கத்தில், வாரம் ஒருநாள், நெல்லை மாவட்டத்தில் வட்டாரவாரியாகக் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையையும், பார்வையிட்ட நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் கொசுப்புழு இருந்தது என்ற எண்ணையும் சுகாதாரத் துறையிடம் கேட்டுப் பெற்று வெளியிட முடியுமா? யார் பெயரும் வேண்டாம், எண்கள் மட்டும் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை முடியும் வரை வெளியிட்டால், எந்த வகுப்பறையிலும் ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு அதைத் தொடர முடியும். அப்படித் தொடர விரும்பும் பள்ளி எதுவானாலும், சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியை,
பாளையங்கோட்டை